இணையவழித் தற்சார்புப் பணி: முதற்படியைக் கடப்பது எப்படி?

(திருப்பதியில் பட்டதாரி இளைஞர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

திருப்பதியில் கல்விக்குக் குறைவில்லை. 1954-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 1983-இல் தோன்றிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும், 2015-இல் வந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இங்கு உள்ளன. ஆனால் பட்டம் பெற்று வெளிவரும் அனைவருக்கும் ஏற்ற வேலை உள்ளூரில் இல்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ பேருந்து ஏறுவதே வழக்கமாகிவிட்டது. ஊரை விட்டுச் செல்ல இயலாதவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அந்த வழியும் எளிதன்று.

இந்நிலையில், வீட்டிலிருந்தே கணிப்பொறி வாயிலாக வெளியூர், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பணி செய்து ஊதியம் பெறும் முறை பலருடைய கவனத்தை ஈர்த்துள்ளது. ஃப்ரீலான்சிங் என வழங்கும் இதனைத் தற்சார்புப் பணி என்று நான் குறிப்பிடுகிறேன். இணையத்தளங்கள் வழியாகவும் தனித்தும் செய்யப்படும் எல்லாவகைத் தற்காலிகப் பணிகளிலும் 2020-21-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 77 லட்சம் பேர் ஈடுபட்டிருந்தனர் என்றும், 2029-30-க்குள் இத்தொகை 2.35 கோடியாக உயரக்கூடும் என்றும் 2022-இல் நிதி ஆயோக் மதிப்பிட்டது. இவர்களுள் உணவு கொண்டுசெல்வோரும் வாடகை வண்டி ஓட்டுவோரும் அடங்குவர். நாம் இன்று பேசுவது கணிப்பொறி முன் அமர்ந்து செய்யும் பணி குறித்து மட்டுமே.

ஒரு கேள்வி

நகரி வட்டாரத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். தந்தை விசைத்தறித் தொழிலாளி. மகள் வணிகவியல் பட்டதாரி. கணக்கு எழுதுவதில் தேர்ந்தவர். இரண்டு மாதங்களில் நாற்பதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்களை இணையத்தில் அனுப்பியும் ஒரு வேலைகூடக் கிடைக்கவில்லை. "எனக்குத் திறமை இல்லை என்றுதானே இதற்குப் பொருள், ஐயா?" என்றார்.

அன்று பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் அவருக்குச் சொன்ன விடையையே இன்று உங்களிடமும் சொல்ல வந்திருக்கிறேன். அவரிடம் குறைந்திருந்தது திறமை அன்று, திறமைக்கான சான்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் பலர் தொடக்கத்திலேயே மனம் தளர்ந்து விலகிவிடுகின்றனர்.

சான்றில்லாத சந்தை

1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் பழைய கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து ஓர் உண்மையை விளக்கினார். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாப் பொருளையும் ஐயத்துடன் நோக்கிக் குறைந்த விலையே தர முன்வருவார். நல்ல பொருளுக்கும் அதே கதி நேரும். இத்துறை ஆய்வுக்காக மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவர் 2001-இல் நோபல் பரிசு பெற்றார்.

இணையப் பணிச்சந்தையும் அத்தகையதே. சிட்னியிலோ சிகாகோவிலோ இருக்கும் வாடிக்கையாளருக்கு உங்கள் கல்லூரியின் பெயர் தெரியாது. உங்களை அறிந்தவர் எவரையும் அவர் அறியார். முன்னர் வேலை செய்தவருக்கே மீண்டும் வேலை தருகிறார். அனுபவம் இன்றி வேலை இல்லை. வேலை இன்றி அனுபவம் இல்லை.

இதனை ஆமண்டா பாலைஸ் என்ற அறிஞர் சோதனை மூலமே காட்டினார். ஓடெஸ்க் என்ற தளத்தில் தரவுப் பதிவு வேலைக்கு விண்ணப்பித்தவர்களிலிருந்து 952 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, சிறு வேலை கொடுத்து, அதன்பின் அவர்களைப் பற்றி மதிப்புரையும் எழுதினார். அவ்வேலை கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிடப் பிற்பாடு கூடுதலான வேலையும் வருவாயும் பெற்றனர். 2014-இல் வெளியான இந்த ஆய்வு நமக்குக் கூறுவது யாதெனில், முதல் வேலையின் மதிப்பு அதன் கூலியில் மட்டும் இல்லை. அது விட்டுச் செல்லும் சான்றில் உள்ளது என்பதே. ஓடெஸ்க் தளம் பின்னர் ஈலான்ஸ் தளத்துடன் இணைந்து, 2015 முதல் அப்வொர்க் என்ற பெயரில் இயங்கி வருகிறது.

சான்று தேடும் வழி

இச்சான்றைத் தேட மூன்று வழிகளைக் கூறலாம்.

முதலாவது, செய்யும் பணியைக் குறுக்கிக்கொள்வது. "எந்த வேலையும் செய்வேன்" என்று எழுதுபவரை எவரும் நாடுவதில்லை. "சிறு வணிகர்களின் மாதக் கணக்கை வங்கிக் கணக்குடன் ஒப்பிட்டுச் சரிபார்த்துத் தருவேன்" என்று எழுதுபவரிடம் என்ன கேட்பது என்று வாடிக்கையாளருக்குத் தெரியும். திருப்பதி, சித்தூர் பகுதி மக்களுக்கு இதில் ஒரு தனிச்சிறப்பும் உண்டு. புத்தூர், நகரி, சத்தியவேடு, சித்தூர் ஆகிய ஊர்களில் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசி வளர்ந்தோர் மிகப் பலர். இவ்விரு மொழிகளையும் ஆங்கிலத்தையும் பிழையின்றி எழுத வல்லவருக்கு மொழிபெயர்ப்பு, காணொளிகளுக்கு எழுத்துரை அமைத்தல் போன்ற பணிகளில் போட்டி குறைவு. ஆனால் பேசத் தெரிவது வேறு, எழுதத் தெரிவது வேறு. எழுத்துப் பயிற்சி இன்றி இத்துறையில் இறங்கலாகாது.

இரண்டாவது, மாதிரிகளை ஆயத்தம் செய்வது. எவரும் கேட்பதற்கு முன்பே, நீங்கள் செய்ய விரும்பும் பணியின் மூன்று மாதிரிகளைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறருடைய மாதிரியைத் தமது என்று காட்டுவோரும், பணம் கொடுத்துப் பொய்யான மதிப்புரை வாங்குவோரும் உளர். தளத்தின் விதிப்படி கணக்கு முடக்கப்பட்டால் அதுவரை ஈட்டிய நற்பெயரும் அதனுடன் போய்விடும்.

மூன்றாவது, முதல் வாடிக்கையாளரைக் கடல் கடந்து தேடாமல் உள்ளூரில் தேடுவது. திருப்பதியில் விடுதிகள் உள்ளன. சித்தூரில் மாங்கூழ் ஆலைகள் உள்ளன. காளஹஸ்தியில் கலம்காரிக் கலைஞர்கள் உள்ளனர். இவர்களுக்குக் கணக்கும், விலைப்பட்டியலும், ஆங்கிலத்தில் பொருள் விளக்கமும் தேவைப்படுகின்றன. குறைந்த கூலிக்கேனும் கூலி பெற்றே செய்யுங்கள். முடித்தபின் இரண்டு வரி நற்சான்றைக் கேட்டு வாங்குங்கள். இலவசமாகச் செய்த வேலைக்குக் கொடுப்பவரிடமும் மதிப்பு இருப்பதில்லை.

கணக்குப் பார்த்தல்

அடுத்தது வருவாய்க் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 50 டாலருக்கு ஒரு வேலை கிடைக்கிறது. பத்து மணி நேரத்தில் முடிகிறது. மணிக்கு 5 டாலர் என்று மகிழ்கிறோம். தளத்தின் கட்டணம் 10 சதவீதம் என்று கொண்டால் 45 டாலரே மிஞ்சும். அவ்வேலையைப் பெறுவதற்கு விண்ணப்பங்கள் எழுதிய எட்டு மணி நேரத்தையும், திருத்தங்களுக்குச் செலவான இரண்டு மணி நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் இருபது மணி நேரம் ஆகிறது. உண்மையான வருவாய் மணிக்கு 2.25 டாலர்தான், பணமாற்றுச் செலவு இதிலிருந்தும் கழியும். கட்டணம் தளத்துக்குத் தளம் வேறுபடும். ஃபைவர் தளம் பணியாளர் ஈட்டுவதில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. தொடக்கத்தில் இவ்வருவாய் குறைவாக இருப்பது இயல்பே. ஆனால் எவ்வளவு குறைவு என்பதை அறிந்தே செய்ய வேண்டும். ஒவ்வொரு நான்கு வேலைக்கும் ஒரு முறையேனும் விலையை உயர்த்திப் பார்க்கவும் வேண்டும்.

வேலை முடிந்தவுடன் பணம் கைக்கு வருவதும் இல்லை. வாடிக்கையாளரின் ஒப்புதலுக்கும், அதன்பின் தளத்தின் காத்திருப்புக் காலத்திற்கும் வாரக்கணக்கில் ஆகலாம். எனவே ஆறு மாதக் குடும்பச் செலவுக்கு வழி செய்துகொள்ளாமல், கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குவது அறிவுடைமை ஆகாது. மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கித் தொடங்குவதே பாதுகாப்பானது.

வெளிநாட்டிலிருந்து வரும் வருவாய்க்கும் வருமான வரிச் சட்டம் பொருந்தும். இப்பணிக்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டு, அயல்நாட்டுப் பணம் வந்ததற்கான வங்கியின் சான்றுகளைப் பாதுகாத்து வாருங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு பொதுவாகத் தேவையில்லை. ஆனால் வருமான வரி விவர அறிக்கையைத் தவறாமல் தாக்கல் செய்வது நன்று. மாதச் சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வங்கிக் கடன் கேட்கும்போது அதுவே சான்றாக நிற்கும்.

எச்சரிக்கை

வேலை தருபவர் பணம் கொடுப்பார். பணம் கேட்க மாட்டார். இந்த ஒரு விதியை நினைவில் இருத்தினால் பெரும்பாலான மோசடிகளிலிருந்து தப்பலாம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், காப்புத்தொகை என எப்பெயரில் கேட்டாலும் விலகிவிடுங்கள். நான் குறிப்பிட்ட பெண்ணிடமும் தரவுப் பதிவு வேலை தருவதாகக் கூறி 2,500 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். நல்லவேளையாக அவர் தந்தையிடம் கேட்டார், தந்தை மறுத்துவிட்டார். உங்கள் வங்கிக் கணக்கையோ தளக் கணக்கையோ பிறர் பயன்படுத்த வாடகைக்கு விடுவது இன்னும் பெரிய ஆபத்து. குற்றப்பணம் அதன் வழியே சென்றால் நீங்கள் பதில் சொல்ல நேரும். ஏமாற்றப்பட்டால் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். முன்பணம் தளத்தின் பொறுப்பில் செலுத்தப்பட்டதை உறுதி செய்துகொள்ளாமல் பெரிய வேலை எதையும் தொடங்காதீர்கள்.

தறியும் தளமும்

நகரி, புத்தூர்ப் பகுதி மக்களுக்கு நான் சொல்லப்போவது புதிதன்று. கூலி நெசவாளருக்கு நூல் கொடுப்பவரும், புடவையை வாங்கிச் செல்பவரும் முதலாளியே. புடவையை உடுத்துபவரை நெசவாளர் காண்பதில்லை; நெய்தவரை உடுத்துபவரும் அறிவதில்லை. இணையத்தளம் இதைவிட ஒருபடி மேல். வாடிக்கையாளரை நேரே காட்டுகிறது. ஆனால் நீங்கள் ஈட்டிய மதிப்புரைகள் அத்தளத்தோடு நின்றுவிடுகின்றன. வேறிடத்திற்கு எடுத்துச்செல்ல இயலாது. விதிகளையும் கட்டணத்தையும் மாற்றும் உரிமை அதனிடமே உள்ளது. ஆகவே ஒரே தளத்தையோ ஒரே வாடிக்கையாளரையோ நம்பியிருக்கலாகாது. தறியை நம்பிய குடும்பங்கள் பட்டறிவால் கற்ற பாடம் இது.

தொழில்நுட்ப மாற்றத்தையும் கருத வேண்டும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின், எளிய எழுத்துப் பணிகளுக்கான தேவை இணையச் சந்தையில் குறைந்ததை ஆய்வுகள் சுட்டிக்காட்டின. இயந்திரம் தரும் வரைவைச் சரிபார்க்கும் அறிவும், வாடிக்கையாளரின் தொழிலைப் புரிந்துகொள்ளும் பொறுமையும் உடையவருக்கே இனி இடம் உண்டு.

இத்தொழிலில் வருங்கால வைப்புநிதி இல்லை. ஊதியத்துடன் விடுப்பு இல்லை. தளப் பணியாளரைச் சட்டத்தின் வரையறைக்குள் கொண்டுவந்த 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். எனினும் கடல்கடந்த வாடிக்கையாளரிடம் பணிபுரிவோர் அதனை மட்டும் நம்பியிராமல், 2009 முதல் அனைத்துக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்ட தேசிய ஓய்வூதியத் திட்டம் போன்றவற்றில் சிறு தொகையேனும் சேமித்து வருதல் நலம்.

நிறைவாக

அந்தப் பெண் என் விடையைக் கேட்டுச் சென்றார். உள்ளூர்த் துணிக்கடை ஒன்றின் ஓராண்டுக் கணக்கைச் சீர்செய்து கொடுத்து, கடைக்காரரிடம் நற்சான்று வாங்கினார். அதனை இணைத்து விண்ணப்பித்ததில் ஐந்தாம் மாதம் 20 டாலர் மதிப்புள்ள ஒரு வேலை கிடைத்தது. அவ்வாடிக்கையாளரே இரண்டாவது வேலையும் தந்தார். இன்று அவருக்கு நிலையான வாடிக்கையாளர் மூவர் உள்ளனர். பெருஞ்செல்வம் சேரவில்லை. ஆனால் தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை அவரே செலுத்துகிறார்; ஊரை விட்டுப் போகவும் இல்லை.

இங்கு அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் வணிகப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதற்சான்று கிடைப்பதே அரிது என்றேன். அதனை வழங்க வாஷிங்டனுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு சிறு வேலையும், நேர்மையான இரண்டு வரிக் கடிதமும் உங்களால் கொடுக்க முடியும். அதனால் உங்களுக்கு ஆகும் செலவு சிறிது. அதைப் பெறும் பிள்ளைக்கு அதுவே மூலதனம்.

இளைஞர்களே, நாற்பது விண்ணப்பங்களுக்கு மறுமொழி வராவிடின் உங்கள் திறமையின்மீது ஐயம் கொள்ளாதீர்கள். நாற்பத்தொன்றாவதை அனுப்புமுன், அதனுடன் இணைக்க ஒரு சான்று உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் அதனை முதலில் தேடுங்கள்.