காது கேளாத கலைஞர்களும் இணையக் கடைகளும்: சலுகை அல்ல, உரிமை

(கட்சிக் கல்வி வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கண்காட்சித் திடல் ஒன்றில் காது கேளாத ஓவியர் ஒருவர் கடை விரித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்தவர் விலை கேட்கிறார். ஓவியர் சைகையில் பதில் தருகிறார். வந்தவருக்கு அது விளங்கவில்லை. அருகில் நிற்கும் உறவினரோ அமைப்பாளரோ குறுக்கிட்டுப் பேசுகிறார். பேரம் அவருடன் நடக்கிறது. பணமும் அவர் கைக்கே போகிறது. வரைந்தவர், தமது படைப்பின் பக்கத்திலேயே பார்வையாளராக நிற்கிறார்.

இணையக் கடைகள் வந்தபோது இந்த நிலை மாறும் என்ற நம்பிக்கை பிறந்தது. படம் திரையில் தெரிகிறது. விலை எழுத்தில் இருக்கிறது. கேள்வியும் பதிலும் தட்டச்சில் நடக்கின்றன. பணம் கலைஞரின் கணக்கிற்கே வருகிறது. பேச்சு தேவையில்லை என்றால் இடையில் பேசுபவரும் தேவையில்லை. இந்த நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. ஆனால், பழைய இடைத்தரகர் விலகிய இடத்தில் புதிய இடைத்தரகர் வந்து அமர்ந்திருக்கிறார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் செவித்திறன் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50.7 லட்சம். இவர்களில் ஓவியம், சிற்பம், தையல் வேலைப்பாடு, வடிவமைப்பு ஆகியவற்றைப் பிழைப்பாகக் கொண்டோர் எத்தனை பேர் என்று அந்தக் கணக்கெடுப்பு சொல்லவில்லை. கணக்கில் வராதவர்கள் திட்டங்களிலும் வருவதில்லை.

திறமைக்குக் குறைவில்லை என்பதற்குச் சான்று தேவையில்லை. 1925இல் ஜீலத்தில் பிறந்த சதீஷ் குஜ்ரால் எட்டு வயதில் செவித்திறனை இழந்தார். லாகூரிலும் பம்பாயிலும் கலை பயின்றார். 1952இல் மெக்சிகோ சென்று, பொதுவுடைமைச் சுவரோவியர்களான தியாகோ ரிவேரா, சிக்கெய்ரோஸ் ஆகியோரிடம் கற்றார். பிரிவினையின் துயரத்தை வரைந்தார். தில்லியில் பெல்ஜியத் தூதரகக் கட்டடத்தை வடிவமைத்தார். 1999இல் பத்ம விபூஷண் பெற்றார். அவரது கலை அவருடையது. ஆனால் அவருக்குக் கல்வி தர வல்ல குடும்பம் இருந்தது. ஒரு சிற்றூரில், சைகை மொழி தெரிந்த ஆசிரியரே இல்லாத பள்ளியில் படித்த தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கு அது இல்லை. ஆகவே, கேள்வி திறமையைப் பற்றியது அல்ல, வர்க்கத்தைப் பற்றியது.

இன்று தனித்து இயங்கும் கலைஞருக்கு இணையத்தில் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, அமேசான், பிளிப்கார்ட், எட்சி போன்ற பெருஞ்சந்தைகள். இரண்டாவது, கலைஞர் வடிவத்தை மட்டும் பதிவேற்ற, நிறுவனமே சட்டையிலும் கோப்பையிலும் அச்சிட்டு விற்கும் தளங்கள். மூன்றாவது, இன்ஸ்டாகிராமில் படம் காட்டி, வாட்ஸ்அப்பில் பேசி, யுபிஐ வழியே பணம் பெறும் சொந்தக் கடை. மூன்றாவதில் தரகுக் கட்டணம் இல்லை. ஆனால் படைப்பு எத்தனை பேர் கண்ணில் படும் என்பதை அந்த நிறுவனத்தின் கணிநிரலே தீர்மானிக்கிறது. இரண்டாவதில் முதலீடு வேண்டாம். கலைஞருக்குக் கிடைப்பதோ விற்ற விலையின் ஒரு சிறு பங்கு.

முதலாவதன் கணக்கைப் பார்க்கலாம். எட்சியில் ஒரு பொருளைப் பட்டியலிடவே 20 அமெரிக்க சென்ட் கட்டணம். விற்றால் 6.5 சதவீதம் பரிவர்த்தனைக் கட்டணம். வெளித்தள விளம்பரம் வழியே வாங்குபவர் வந்தால், சிறு விற்பனையாளரிடம் மேலும் 15 சதவீதம். 1,000 ரூபாய் ஓவியம் அந்த வழியில் விற்றால், கடைசி இரண்டு கட்டணங்கள் மட்டுமே 215 ரூபாய். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. தாளும் வண்ணமும் உழைப்பும் கலைஞருடையவை. நிறுவனம் ஒரு கோடுகூட வரையவில்லை. நிலத்துக்கு வாரம் வாங்கிய பண்ணையாரைப் போல், இது திரைக்கு வாரம் வாங்குகிறது.

இந்தச் சுமை எல்லாச் சிறு விற்பனையாளருக்கும் பொதுவானது. காது கேளாதவருக்கு இதற்கு மேலும் மூன்று தடைகள் உள்ளன.

ஒன்று, தொலைபேசி. பொருளை எடுக்க வரும் கூரியர் ஊழியர் வாசலில் நின்று அழைக்கிறார். அழைப்பு ஏற்கப்படாவிட்டால், 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று பதிந்துவிட்டுப் போகிறார். ஊழியரைக் குறை சொல்லிப் பயனில்லை. நேரக் கணக்கில் விரட்டப்படும் அவரும் தொழிலாளியே. வங்கிக் கணக்கு முடங்கினாலும், பணம் நிலுவையில் நின்றாலும், 'வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைக்கவும்' என்பதே பதில். பேச்சில்லாமல் விற்கலாம் என்று அழைத்த கடை, சிக்கல் வந்ததும் பேசச் சொல்கிறது.

இரண்டு, எழுத்து. காது கேளாதவர் படித்துக்கொள்வார், எனவே எழுத்தில் தந்தால் போதும் என்பது பரவலான எண்ணம். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. பிறவியிலேயே கேளாத பலருக்கு அதுவே முதல் மொழி. இந்தியும் ஆங்கிலமும் தமிழும் பின்னர் கற்கும் மொழிகள். பல பள்ளிகள் சைகையை ஒதுக்கி, உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்குவதிலேயே ஆண்டுகளைக் கழித்தன. எழுத்தறிவு பின்தங்கியதற்குக் காரணம் அது. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015இல்தான் தில்லியில் தொடங்கப்பட்டது. இந்நிலையில், பல பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் 'ஏற்கிறேன்' என்று அழுத்துவதை முழுச் சம்மதம் என்று எப்படிக் கொள்வது?

மூன்று, வரி. இணையச் சந்தை வழியே விற்போர் விற்றுமுதல் எவ்வளவானாலும் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும் என்று விதி இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு விற்பனையாளருக்கு விலக்கு தரப்பட்டது. மாநில எல்லையைத் தாண்டினால், பொதுவாகப் பதிவு கட்டாயம். பாட்னாவில் வரைபவர் சென்னைக்கு ஓர் ஓவியம் விற்க, மாதந்தோறும் அல்லது காலாண்டுதோறும் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். கணக்கருக்குக் கொடுக்கும் கூலி, ஓவியத்தில் வரும் லாபத்தை விழுங்கிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அது இரக்கத்தின் பெயரால் வருகிறது. 'காது கேளாதோர் செய்தது' என்ற சீட்டு ஒட்டப்பட்ட வாழ்த்து அட்டைகளில் வரைந்தவரின் பெயர் பல வேளைகளில் இருப்பதில்லை. குறைபாடு விளம்பரமாகிறது; கலைஞர் மறைந்துபோகிறார். 2013இல் தில்லியில் தொடங்கப்பட்ட அதுல்யகலா போன்ற முயற்சிகள், கலைஞரைப் படைப்பாளியாகவே முன்னிறுத்த முனைந்தன. ஆனால் தனி மனிதரின் நல்லெண்ணம் சட்ட உரிமைக்கு ஈடாகாது.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 46ஆவது பிரிவு, அரசு, தனியார் என்ற வேறுபாடின்றிச் சேவை வழங்குவோர் அனைவரும் விதிகள் வெளியான இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகல் வசதி செய்ய வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. கெடு 2019இலேயே முடிந்துவிட்டது. மீறினால் தண்டனை? 89ஆவது பிரிவின்படி முதல் மீறலுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் அபராதம். அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை. கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கு இது தேநீர்ச் செலவு.

நீதிமன்றங்கள் சற்று முன்னே சென்றுள்ளன. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரநிலைகள் வெறும் வழிகாட்டுதலாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் அணுகலை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கமாக ஏற்று, வாடிக்கையாளர் சரிபார்ப்பு நடைமுறையை மாற்றியமைக்க 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. தீர்ப்பு கருவிதான்; அதைப் பயன்படுத்த அமைப்பாகத் திரண்ட கைகள் வேண்டும்.

திரள்வது முடியாத காரியமல்ல. எட்சி தன் கட்டணத்தை 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆக உயர்த்தியபோது, 2022 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் தங்கள் கடைகளை மூடி வேலைநிறுத்தம் செய்தார்கள். உயர்வு திரும்பப் பெறப்படவில்லை. ஆனால் ஒருவர் முகம் ஒருவர் அறியாத, தனித்தனி வீடுகளில் உழைத்தவர்கள், தங்களைச் சங்கமாக்கிக்கொள்ளும் பாதையில் அடியெடுத்து வைத்தார்கள்.

எனவே முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. இணையச் சந்தைகளும் கூரியர் நிறுவனங்களும் குறுஞ்செய்தியிலும் சைகை மொழிக் காணொலியிலும் சேவை தருவது கட்டாயமாக்கப்பட வேண்டும். சிறு கலைஞர்களுக்கு மாநில எல்லை தாண்டிய விற்பனையிலும் ஜிஎஸ்டி பதிவு விலக்கு வேண்டும். தரகுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வேண்டும். ஜவுளி அமைச்சகத்தின் 'இந்தியா ஹேண்ட்மேட்' தளம் தரகுக் கட்டணமின்றிக் கைவினைஞர்களை விற்க அனுமதிக்கிறது. கைவினைஞருக்கு முடிந்தது, காது கேளாத கலைஞருக்கு ஏன் முடியாது? ஒன்றிய அரசு 2022 டிசம்பர் முதல் நகரம் நகரமாக நடத்தும் திவ்ய கலா மேளா சில நாட்களில் கலைந்துவிடும். கலைஞர்களின் கூட்டுறவுகள் நிர்வகிக்கும், ஆண்டு முழுதும் திறந்திருக்கும் பொது இணையக் கடையே தேவை.

இறுதியாக, கட்சியின் கிளைகளுக்கும் ஒரு கடமை உண்டு. காது கேளாத தோழர் ஒருவர் வந்தால் அவருக்குப் புரியும்படி கூட்டம் நடக்கிறதா? இயக்கத்தின் காணொலிகளில் எழுத்துரை உண்டா? மாநாட்டு மேடையில் சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்கிறாரா? சந்தையிடம் கேட்பதைச் சொந்த வீட்டிலும் செய்துகாட்ட வேண்டும். காது கேளாதோர் கேட்பது, தங்கள் பொருளுக்குத் தாங்களே விலை சொல்லும் உரிமை. அவர்களுக்காகப் பேசிய இடைத்தரகர்கள் போதும். அவர்களோடு சேர்ந்து நிற்கும் அமைப்பே இன்றைய தேவை.