இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான்!

(பட்டிமன்றத் தலைப்பு: நேற்றைய வரலாற்றை நமக்குச் சொல்வது எழுத்தா? பழைய புகைப்படமா? ‘பழைய புகைப்படமே’ என்ற அணியில் பேசியது.)

    

எதிரணிச் சகோதரி போகிற போக்கிலே என்னை ஒரு இடி இடிச்சுட்டுப் போனாங்க. “தமிழ் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குறவர், எழுத்துக்கு எதிரா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேச வர்றார்?”னு கேட்டாங்க. அம்மா, இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தாம்மா! எங்க கட்சியே மூஞ்சியைப் பற்றின கட்சிதானே! (சிரிப்பு)

முனைவர் பட்டத்துக்காக அஞ்சு வருஷம் எழுத்தோடு மல்லுக்கட்டினவன் நான். எழுத்தின் பெருமை எனக்குத் தெரியும். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஏடு தேடியிருக்காவிட்டால் இன்னைக்கு நான் வகுப்பிலே போய் நின்னு சொல்றதுக்கு என்ன இருக்கு? ஆனால் எழுத்து எங்கே பேசும், எங்கே வாயை மூடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

சகோதரி ஒரு குற்றம் சொன்னாங்க. “படம் பொய் சொல்லும். அந்தக் காலத்துக் கேமரா அசையாம நின்னவனை மட்டும்தான் காட்டும், நடந்தவனைக் காட்டாது”ன்னாங்க. ரொம்பச் சரி. 1838-ல் பாரிஸ் நகரத்திலே டாகேர் என்பவர் ஒரு தெருவைப் படம் எடுத்தார். நல்ல கூட்டமான தெரு. குதிரை வண்டியும் ஆளுமா போய்க்கிட்டே இருந்த தெரு. படத்திலே பார்த்தா தெரு வெறிச்சுன்னு கிடக்கு! ஏன்? ஒரு படம் பதிய அன்னைக்குச் சில நிமிஷம் ஆகும். ஓடினது எதுவும் பதியலே. ஆனால் ஒரு மூலையிலே ஒரே ஒருத்தர் மட்டும் தெரியறார். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கிறதுக்காகக் காலை நீட்டிக்கிட்டு நின்ன ஆள். அவர் காலடியிலே பாலிஷ் போடுற தொழிலாளியும் மங்கலாத் தெரியறார். ஒரு மனுஷ உருவம் கேமராவிலே பதிஞ்சதிலே இதுதான் முதல்னு சொல்றாங்க.

நடுவர் அவர்களே, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எந்த ராஜா எழுதச் சொன்ன சரித்திரத்திலேயாவது பாலிஷ் போடுறவருக்கு முதல் பக்கம் கிடைச்சிருக்கா? வண்டியிலே போன பெரிய மனுஷன் எல்லாம் காணாமப் போயிட்டான். உட்கார்ந்து உழைச்சவன் நின்னுட்டான்! (கைதட்டல்) டாகேர் நினைச்சு எடுத்ததில்லை அது. தானா விழுந்தது. எடுத்தவன் நினைக்காததும் படத்திலே வந்து விழும். பழைய படத்தின் மேல நமக்கு இருக்கிற மயக்கத்துக்கு அதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

பாரிஸ் எதுக்கு? நம்ம தஞ்சாவூருக்கு வாங்க. லின்னேயஸ் டிரைப்னு ஒரு கேப்டன். சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரர். 1858-ல் மாட்டு வண்டியிலே கேமராவை ஏத்திக்கிட்டு மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர்னு சுத்தினார். பிலிம் ரோல் எல்லாம் கிடையாது. மெழுகு ஏத்தின காகிதம்தான். பெரிய கோயில் விமானத்தின் அடியிலே ஓடுற கல்வெட்டை அப்படியே வரிசையாகப் படம் எடுத்தார். 21 படம்! ஒட்டினால் 19 அடிக்கு மேல் நீளம். அந்தக் கல்வெட்டு முழுசாகப் படிக்கப்பட்டு அச்சிலே வராத காலம் அது. ஹூல்ஷ் என்ற ஜெர்மன் அறிஞர் அவற்றைப் படித்து, 1891-ல் தொடங்கித்தான் புத்தகமாக வந்தது. எழுத்தைப் படிக்கிறதுக்கு 30 வருஷம் முன்னாடியே அதைப் பத்திரப்படுத்தி வச்சது யாரு? படமா, எழுத்தா? சகோதரி தலையைக் குனிஞ்சுக்கிறாங்க. பரவாயில்லைம்மா, பேனாவைத் தேடுறீங்கன்னு வச்சுக்கிறேன்.

மதுரை திருமலை நாயக்கர் மகாலையும் அதே டிரைப் எடுத்திருக்கார். இன்னைக்கு ஒலி ஒளிக் காட்சி பார்க்கிறோமே, அந்த மகால் இல்லை; இடிஞ்சு கிடந்த மகால். நேப்பியர் பிரபு கவர்னராக இருந்த 1866-72 காலத்திலே பழுது பார்க்கிறதுக்கு முந்தைய கோலம். அதைப் பார்த்தாத்தான், நாம இன்னைக்கு அண்ணாந்து பார்க்கிறதெல்லாம் எவ்வளவு தூரம் தப்பிச்சு வந்திருக்குன்னு தெரியும்.

இந்த இடத்திலே எதிரணித் தம்பி எழுந்திருப்பார். “ஐயா, அந்தத் தஞ்சாவூர்க் கல்வெட்டிலேதான் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்கள் பேரை எழுதி வச்சிருக்கான். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடுன்னு எழுதியிருக்கான். சாதாரணப் பெண்கள் பேரையும் எழுத்து சொல்லியிருக்கே?” உண்மைதான் தம்பி. படிக்கும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும். ஆனால் அந்த 400 பேரிலே ஒருத்தி முகம் எப்படி இருந்துச்சு? சிரிச்சாளா? அழுதாளா? காலிலே சலங்கை கட்டின தழும்பு இருந்துச்சா? கல்வெட்டு வாயைத் திறக்காது.

இன்னொரு கல்லையும் கேளுங்க. 1876-78, தாது வருஷப் பஞ்சம். தென்னாட்டிலே 50 இலட்சத்துக்கு மேல் மக்கள் செத்துப் போனாங்க. அப்போ சர் ரிச்சர்ட் டெம்பிள்னு ஒரு அதிகாரி உட்கார்ந்து எழுதறார்: நிவாரண வேலை செய்யற ஆம்பிளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும். ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோவுக்கும் குறைவு. வெயிலிலே மண் சுமக்கிறவனுக்கு! சென்னை சுகாதார ஆணையர் கார்னிஷ், அது போதாதுன்னு எதிர்த்து எழுதினார். எழுத்தும் எழுத்தும் சண்டை போட்டுக்குது. இரண்டு பக்கமும் ஆங்கிலம், இரண்டு பக்கமும் கணக்கு. படிக்கிற நமக்கு எது நியாயம்னு எப்படித் தெரியும்?

அதே பஞ்சத்திலே ஹூப்பர்னு ஒரு ராணுவ அதிகாரி படம் எடுத்திருக்கார். ஒரு படத்தைப் பார்த்தவன் அன்னைக்கு ராத்திரி சாப்பிட மாட்டான். விலா எலும்பை எண்ணலாம். தாய் மடியிலே குழந்தையா, குச்சியான்னு தெரியாது. அந்த மனுஷன் நல்லவர்னு நான் சொல்ல வரலை. பட்டினியால் விழுந்து கிடந்தவங்களை உட்கார வச்சுப் படம் எடுத்தார், சோறு போட்டாரான்னு அன்னைக்கே அவரைத் திட்டியிருக்காங்க. திட்ட வேண்டியதுதான். ஆனால் டெம்பிள் எழுதின ஒரு பவுண்டுக் கணக்குக்கு எதிரா இன்னைக்கும் சாட்சி சொல்லிக்கிட்டு இருக்கிறது அந்த எலும்புதான். அதை யாரும் அடிச்சுத் திருத்தி எழுத முடியாது.

சரி, மனசு கனத்துப் போச்சு. வீட்டுக்கு வருவோம்.

பழைய ஸ்டூடியோப் படம் எல்லார் வீட்டிலேயும் ஒண்ணாவது இருக்கும். பின்னாலே திரையிலே மாடிப்படி வரைஞ்சிருப்பான். தாத்தா பிறந்தது கூரை வீடு. படத்திலே மாடிப்படிக்கு முன்னாலே நிக்கிறார்! கோட்டு ஸ்டூடியோக்காரர் கோட்டு. பெண்டாட்டியைப் பார்த்தா, சாமி கும்பிடப் போனவங்க வழி தவறி வந்த மாதிரி முழிச்சுக்கிட்டு நிப்பாங்க. (சிரிப்பு) சடங்கான பொண்ணுக்குப் பூ வச்சுத் தைச்ச ஜடை தெரியணும்னு பின்னாலே கண்ணாடி வச்சு எடுத்த படம் இந்தச் சபையிலே எத்தனை தாய்மார்கிட்ட இருக்கு? கை தூக்குங்க! பாருங்க நடுவர் அவர்களே, எங்க கட்சிக்கு விழுந்த ஓட்டு!

“கோட்டு இரவல், மாடிப்படி பொய், இதுவா வரலாறு?”ன்னாங்க சகோதரி. ஆமாம்மா, அதுதான் வரலாறு. நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவுன்னு பத்திரம் சொல்லும். அந்த மனுஷன் என்னவாக இருக்க ஆசைப்பட்டார்னு எந்தப் பத்திரம் சொல்லும்? அந்த இரவல் கோட்டுதானே சொல்லும்?

எங்க வீட்டிலே 1939-ல் எடுத்த படம் ஒண்ணு இருக்கு. தாத்தா நாற்காலியிலே. பக்கத்திலே அப்பத்தா. எங்க அத்தை எட்டு வயசுப் பிள்ளை, பாவாடை கட்டிக்கிட்டு முன்னாலே நிக்கிறாங்க. வரிசைக்கு வெளியிலே, தொழுவத்துச் சுவரோரம், இடுப்பிலே குழந்தையோடு ஒரு அம்மா. பாதித் தோளை ஓரம் வெட்டியிருக்கு. இடுப்பிலே இருக்கிற குழந்தை எங்க அப்பா.

அத்தைக்கு எண்பத்து நாலு வயசு இருக்கும்போது படத்தைக் கையிலே கொடுத்து, “இது யாரு அத்தை?”ன்னு கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுட்டுச் சொன்னாங்க: “நம்ம வயல்ல வேலை பார்த்தவடா. உங்கப்பனைப் பெத்துட்டு எங்கம்மா ஜன்னி கண்டு கிடந்தப்ப, இவதான் தன் பிள்ளைக்குப் பாதி, இவனுக்குப் பாதின்னு பால் கொடுத்தா. படம் எடுக்கையில இவன் அவளை விட்டு இறங்க மாட்டேன்னுட்டான். அதான் ஓரமா நிக்கச் சொன்னாங்க.”

எங்க தாத்தா கணக்கு எழுதுறதிலே மன்னன். அந்த நோட்டு இன்னும் இருக்கு. மாடு வாங்கினது, வண்டிக்கு மை போட்டது, படம் எடுத்தவருக்குக் கொடுத்த ரூபாய், எல்லாம் இருக்கு. இந்த அம்மா பேர் ஒரு வரியிலே இல்லை. என் அப்பாவை உயிரோடு வச்சவங்களுக்கு எங்க வீட்டு எழுத்திலே இடமில்லை. படத்திலே பாதித் தோளுக்காவது இடம் கிடைச்சிருக்கு.

அந்த அம்மாவோட பேரன் எங்க ஊரிலேயே டீக்கடை வச்சிருக்கார். ஒரு பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைத் துண்டிலே துடைச்சுட்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். “எங்க அப்பத்தா படம்னு எங்க வீட்டுல ஒண்ணும் கிடையாதுங்கய்யா. எங்க தங்கச்சி மாதிரியே இருக்கு”ன்னார். டீக்குக் காசு வாங்கலே.

மணியிலே கை வைக்கிறார் நடுவர். ஒரே ஒரு நிமிஷம் ஐயா.

ஊர் ஊராக எத்தனையோ ஸ்டூடியோ மூடியாச்சு. கண்ணாடி நெகட்டிவைக் கழுவிக் கண்ணாடியாக வித்த கதையும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடிப் பிரதி எடுத்து வச்சிருக்காங்க. அவங்களால் முகத்தைக் காப்பாத்த முடியும். பேரை நாமதான் சொல்லணும். நம்ம முன்னோர் நடுகல்லிலே வீரனைச் செதுக்கினாங்க, பேரையும் கூடவே எழுதினாங்க.

வீட்டுக்குப் போனதும் அந்தத் தகரப் பெட்டியை இறக்குங்க. வீட்டிலே மூத்தவங்க யாரோ அவங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சு, இடமிருந்து வலமா ஒவ்வொருத்தரையும் கேளுங்க. ஓரத்திலே நிக்கிறவங்களை முதல்லே கேளுங்க. பின்பக்கம் எழுதுங்க. பேனா வேண்டாம், மை ஊறி முகத்துக்கு வந்துடும். மெத்துன்னு எழுதுற பென்சில், அழுத்தாம எழுதணும்.

“கடைசியிலே எழுத்துகிட்டத்தானே வந்தீங்க?”ன்னு சகோதரி சிரிக்கிறாங்க. சிரிங்கம்மா. கேமராக்காரர் உங்க பக்கம்தான் திருப்பியிருக்கார்! (சிரிப்பு, கைதட்டல்)