அநுதாபமும் அநுமதியும்



 சர்வாதிகாரிகள் யூத மக்களுக்கு இழைத்த கொடுமைகளை இக்கருத்தரங்கில் படிக்கப்படும் கட்டுரைகள் விரிவாக ஆராயவிருப்பதால், எல்லைக்கு வெளியே நின்றவர்களைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

1935-இல் நியூரம்பெர்க் சட்டங்கள் ஜெர்மானிய யூதர்களின் பிரஜாவுரிமையைப் பறித்து, 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவும் ஹிட்லரின் வசமாகி, வியன்னாவில் முதியோரும் பெண்டிரும் மண்டியிட்டு வீதி கழுவும்படி அவமதிக்கப்பட்ட பிறகு, அவ்வாண்டு ஜூலையில், அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அழைப்புக்கிணங்க 32 தேசங்களின் பிரதிநிதிகள் பிரான்சின் ஏரிக்கரை ஊராகிய எவியானில் அகதிகளைப் பற்றிப் பேசக் கூடினார்கள். ஒருவர்பின் ஒருவராக எழுந்து அநுதாபம் தெரிவித்தார்கள். வேலையின்மையையும் குடியேற்ற வரம்பையும் காரணம் காட்டி அமர்ந்தார்கள். பெருந்தொகையினரை ஏற்க முன்வந்தது டொமினிக்கன் குடியரசு ஒன்றே. அதன் அதிபதி ட்ருஹீயோவோ, முந்திய ஆண்டில்தான் ஆயிரக்கணக்கான ஹைத்தியரைக் கொல்வித்த சர்வாதிகாரி!

நச்சுவாயு அறைகளை அன்று யாரும் ஊகித்திருக்க முடியாது என்பர், அது நியாயமே. ஆனால் ஓர் அகதிக்குக் கதவைத் திறப்பதற்குத் தீர்க்கதரிசனம் வேண்டுவதில்லை. கண்முன் நடந்த அவமானமே போதுமான காரணம். 1939 மே மாதம் ஹாம்பர்க்கிலிருந்து யூத அகதிகளுடன் கியூபாவுக்குப் புறப்பட்ட ‘செயின்ட் லூயிஸ்’ கப்பலின் 937 பிரயாணிகளுள் பெரும்பாலோர், விலை கொடுத்து வாங்கிய அநுமதிச் சீட்டுகள் செல்லாவென்று கியூபா அறிவித்தபின், அமெரிக்கக் கரையின் விளக்குகளைக் கண்ணால் கண்டும் இறங்க முடியாமல் ஐரோப்பாவுக்கே திரும்ப நேர்ந்தது. அவர்களுள் 254 பேர் பின்னர் மாண்டனர்.

அதே அநுமதிச் சீட்டு வேறு கைகளில் உயிர் காத்தது. 1940-இல் லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் ஜப்பானியத் தூதரக அதிகாரி சுகிஹாரா, மேலிடத்து விதிகளை மீறி 2,000-க்கு மேற்பட்ட விசாக்களைத் தம் கையாலேயே எழுதித் தந்தார். அவ்வாண்டு ஜூனில் போர்தோ நகரில் போர்ச்சுகலின் துணைத்தூதர் சோசா மென்டெஸ், தம் நாட்டை ஆண்ட சர்வாதிகாரி சலாஸாரின் தடைச் சுற்றறிக்கையைப் புறக்கணித்து அகதிகளின் ஆவணங்களில் ஒப்பமிட்டார். அதற்கு விலையாகப் பதவியை இழந்து, 1954-இல் வறுமையிலேயே மறைந்தார். சட்டம் கையைக் கட்டியது என்று ஆயிரம் பேர் சொன்ன காலத்தில், அந்தக் கட்டை அவிழ்க்க முடியும் என்று இவர்கள் எழுதிக் காட்டினார்கள்.

ஆகவே அறிஞர்களே, என் வேண்டுகோள் ஒன்றே. கொலைக்களங்களின் ஆவணங்களைப் படிக்கும் அதே சிரத்தையோடு, சுதந்திர நாடுகளின் அலுவலகங்களில் உறங்கும் நிராகரிக்கப்பட்ட மனுக்களையும் படியுங்கள். ஒவ்வொன்றிலும் எந்த விதி காட்டப்பட்டது, ஒப்பமிட்டவருக்கு வேறு வழி இருந்ததா என்று வினவுங்கள். மனுச் செய்தவரின் பெயரையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பலருக்கு உலகம் விட்டுவைத்த நினைவுச்சின்னம் அந்த மனு ஒன்றே.

அவர்களை நெஞ்சில் நினைந்து இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.