கணக்குக்குப் பிடிபடும் பிள்ளைகள்



கஞ்சாவைப் பற்றிப் பேச வேண்டும் என்றாலே நம் தோழர்களுக்கு ஒரு தயக்கம் வருகிறது. பேசினால் சேரிக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற பயம். பேசாமல் இருந்தாலோ பிள்ளைகளை இழக்கிறோம். எனவே நேராகவே பேசலாம். கஞ்சா நம் தெருவில் இருக்கிறது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கமும் சிறுநகரங்கள் வரை வந்துவிட்டது. இதைத் தடுக்க போலீஸ் வர வேண்டும் என்று முதலில் கேட்பவர்கள் நம் அம்மாக்கள்தான். அவர்கள் கூப்பிடும்போது போலீஸ் வருகிறதா, வந்தால் யாரைத் தேடி வருகிறது என்பதுதான் கேள்வி.

என் முனைவர் பட்ட ஆய்வுக்காக வடமாவட்டச் சிறுநகரம் ஒன்றில் பதிவான கஞ்சா வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளைப் படித்தேன். நான்கைந்து படித்ததும் அடுத்தது எப்படி இருக்கும் என்று நாமே சொல்லிவிடலாம். உதவி ஆய்வாளர் ரோந்தில் இருக்கிறார். இரகசியத் தகவல் வருகிறது. பேருந்து நிலையத்தின் பின்புறமோ ஏரிக்கரையிலோ ஒருவர் ‘சந்தேகத்திற்கிடமான வகையில்’ நிற்கிறார். போலீசைப் பார்த்ததும் ஓட முயல்கிறார். சுற்றி வளைத்துப் பிடிக்கிறார்கள். கையில் ஒரு பை. எடை போட்டால் ஒரு கிலோ நூறு கிராம்.

அந்த நூறு கிராமின் அர்த்தம் சட்டத்தில் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி ஒரு கிலோ வரை கஞ்சா ‘சிறிய அளவு’. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவைத் தாண்டினால் பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். 20 கிலோவைத் தாண்டினால் ‘வணிக அளவு’. குறைந்தபட்சமே பத்தாண்டு, ஜாமீன் கிடைப்பதே அரிது. ஆக, தராசு யார் கையில் இருக்கிறதோ, அந்தப் பையனின் பத்தாண்டும் அவர் கையில்தான். நான் படித்தவை எல்லாம் பொய் வழக்குகள் என்று சொல்லவில்லை. ஒரே கதையும் ஒரே எடையும் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்படுவது நீதிமன்றத்தின் கடமை என்கிறேன்.

அந்த அறிக்கைகளில் இன்னொன்றையும் பார்த்தேன். கஞ்சா எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் ‘பெயர் விலாசம் தெரியாத நபரிடம்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் விளைவது ரயிலிலும் லாரியிலும் இங்கே வருகிறது. அதற்கு முதல் போட்டவர், வண்டி கொடுத்தவர், மொத்தமாக இறக்கியவர் எல்லாம் இருக்கிறார்கள். சிறுநகரத்தின் வழக்கோ பேருந்து நிலையத்தைத் தாண்டிப் போவதில்லை.

அதே ஊரில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: “மூணு தடவ ஸ்டேஷனுக்கு போன் பண்ணி சொன்னேம்மா. நாலாவது நாளு விக்கிறவனே கடைக்கு வந்து, ‘இன்னாக்கா, போலீசுக்கெல்லாம் சொல்றியாமே’ன்னு கேட்டான்.” அதன் பிறகு அவர் யாருக்கும் போன் செய்யவில்லை. அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2025 பிப்ரவரியில் மயிலாடுதுறை மாவட்டம் முட்டத்தில் சாராய விற்பனையைத் தட்டிக்கேட்ட இரண்டு இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள் என்று ஊர்மக்கள் சொன்னார்கள். காவல்துறை அதை முன்விரோதம் என்றது.

புகார் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு இல்லை. ஆனால் மேலிடத்துக்குக் கணக்கு காட்டியாக வேண்டும். 2021 இறுதியில் தொடங்கிய ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’ 2.0, 3.0, 4.0 என்று சினிமாவின் அடுத்தடுத்த பாகங்கள் போல வந்தது. எத்தனை கைது, எத்தனை கிலோ என்று எண்ணிக்கை அறிவித்தார்கள். அந்தக் கைதுகள் நீதிமன்றத்தில் என்ன ஆயின என்பதற்கு அதே சத்தத்தோடு அறிவிப்பு வரவில்லை. 2023-இல் சென்னையில் ஒரு வழக்கில் பிடித்ததாகச் சொன்ன 22 கிலோவில் ஆய்வகத்துக்கு அனுப்பியது போக மீதியை எலி தின்றுவிட்டது என்றது போலீஸ். குற்றம் சாட்டப்பட்ட இருவரும் விடுதலையானார்கள். நாம் சிரித்துவிட்டுக் கடந்துவிட்டோம். 22 கிலோ என்பது வணிக அளவு, தோழர்களே. பத்தாண்டுத் தண்டனைக்குரிய சாட்சியம் எலி வாய்க்குப் போனது என்று ஒரு காவல்துறை நீதிமன்றத்தில் கூச்சமின்றிச் சொல்ல முடிந்திருக்கிறது.

கணக்குக்கு ஆள் தேவைப்படும்போது ஜீப் எந்தத் தெருவுக்குள் நுழையும் என்று உங்களுக்குத் தெரியும். முடிக்குக் கலர் அடித்தவன், ‘புள்ளிங்கோ’ என்று பெயர் வாங்கியவன், காலனி முகவரி உள்ளவன். குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலேயே ஒழிந்தது. பிறந்த தெருவை வைத்துச் சந்தேகப்படும் பழக்கம் ஒழியவில்லை. ஸ்டேஷனுக்குப் போனவன் கழிவறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு போட்டோவில் நிற்பான், அதைப் பார்த்து ஊரே கை தட்டும். 2022 ஏப்ரலில், அதாவது 2.0 நடந்துகொண்டிருந்தபோது, கஞ்சா வைத்திருந்ததாகச் சென்னையில் பிடிக்கப்பட்ட ஒரு தலித் இளைஞர் போலீஸ் காவலில் இறந்தார். காவலர்கள்மீது கொலை வழக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாய்ந்தன. மாவுக்கட்டுக்குக் கை தட்டியவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கும் 1982-ஆம் ஆண்டு குண்டர் சட்டமும் போதைப்பொருள் குற்றவாளிகளுக்குப் பொருந்தும். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் தலித்துகள் ஐந்தில் ஒரு பங்கு. 2013-ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில், தமிழ்நாட்டின் தடுப்புக் காவல் கைதிகளில் பாதிக்கு மேல் தலித்துகள்.

நாம் என்ன செய்யலாம்? சட்டத்திலேயே நமக்கு உதவும் பிரிவுகள் இருக்கின்றன. உடம்பைச் சோதனையிடும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதனை கேட்கலாம் என்பது பிரிவு 50. அந்த உரிமையைப் போலீஸே எடுத்துச் சொல்லியாக வேண்டும். பழக்கத்துக்கு அடிமையானவர், சிறிய அளவோடு பிடிபட்டாலும், தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு பெறலாம் என்பது பிரிவு 64ஏ. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். அந்தச் சிகிச்சை ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது, தாலுகா மருத்துவமனையிலேயே அதற்குப் படுக்கை வேண்டும் என்று கேட்போம்.

புகாரைத் தனி ஆளாகப் போனில் சொல்ல வேண்டாம். பத்து இருபது பெண்கள், சங்கம், பகுதி சபை என்று சேர்ந்து எழுத்தில் கொடுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். நகலை எஸ்.பி. அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். ஒரு பெயர் இருந்தால் மிரட்டுவான். இருபது பெயர் இருந்தால் யோசிப்பான். விற்பவனும் யோசிப்பான், அவனுக்குத் தகவல் சொல்பவரும் யோசிப்பார்.

நம் பிள்ளைகளை வியாபாரியிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும், லத்தியிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும். இதில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் இன்னொன்று கிடைக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.