நிலமும் காற்றும் பறையும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கலையும் காலநிலையும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். கல்வியையும் வேலைவாய்ப்பையும் பேசவேண்டிய மேடையில் இது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இப்பொருள் நம் நிலத்தையும், நம் உழைப்பையும், நாம் பேசத் தயங்கும் ஒரு கருவியையும் தொட்டு நிற்பதாலேயே நான் இசைந்தேன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். அரியலூர் வட்டாரமும் பெரம்பலூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாகக் கிடந்தவை. காரையின் அரித்தோடிய ஓடைகளில் கடலுயிர்களின் கல்லாகிய எச்சங்கள் கிடக்கின்றன. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லில் தடித்த சிப்பிகள் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் கல்மரத்தை, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் 1940இல் அறிவுலகிற்கு அறிவித்தார். அக்காலத்தில் உலகம் இன்றைவிட வெப்பமாக இருந்தது. துருவங்களில் இன்றுள்ளதுபோன்ற பெரும் பனிப்பரப்பு இல்லை. கடல் மட்டம் மிக உயர்ந்திருந்தது. அந்த மாற்றங்கள் பல இலட்சம் ஆண்டுகளில் நிகழ்ந்தவை. இன்றைய வெப்ப உயர்வோ இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் நிகழ்கிறது.

இதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. அன்றைய கடலுயிர்கள் நீரில் கரைந்திருந்த கரியமிலப் பொருளை ஓடாக மாற்றிக்கொண்டன. அந்த ஓடுகளே சுண்ணாம்புக் கல்லாயின. சிமென்ட் ஆலையின் சூளையில் அக்கல்லைச் சுடும்போது, தூய கல் 100 கிலோவுக்கு 44 கிலோ கரியமில வாயு பிரிந்து காற்றில் கலக்கிறது. எரிபொருளின் புகை அதற்கு மேல் தனிக்கணக்கு. பத்து இலட்சம் பங்கு காற்றில் 1958இல் ஏறத்தாழ 315 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐக் கடந்துவிட்டது. நாம் குடியிருக்கும் வீட்டிற்கும் சிமென்ட் வேண்டும் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் வெட்டவெளியில் பருத்தி எடுப்பவரும், வெங்காயம் அறுப்பவரும், கல் சுமப்பவரும் பெரும்பாலும் யார்? வெயிலின் கணக்கு முதலில் அவர்கள் உடம்பில் எழுதப்படுகிறது. எனவே இவ்வறிவு நமக்கு ஆடம்பரமன்று.

இவ்வறிவைக் கலையாக்கி நிகழ்த்தியவர்கள் உலகில் உளர். அர்ஜென்டினா நாட்டின் ஜுஜுய் மாநிலத்தில் சலினாஸ் கிராண்டஸ் என்னும் உப்புப் பரப்பு உள்ளது. செல்பேசிக்கும் மின்வண்டிக்கும் வேண்டிய லித்தியம் அங்கே உவர்நீரில் இருக்கிறது. அதனை எடுத்தால் தங்கள் நீர்வளம் வற்றிப்போகும் என்று அப்பகுதியின் ஆதிக்குடிகள் அஞ்சினர். 2020 ஜனவரியில் தோமாஸ் சராசெனோ என்ற கலைஞர் தம் குழுவினருடன் அங்கே கரிய துணியாலான பெரும் பலூன் ஒன்றை எழுப்பினார். நெருப்பில்லை, எரிவாயு இல்லை, மின்கலமும் இல்லை. துணி வெயிலை உறிஞ்சியது. உள்ளிருந்த காற்று சூடேறி விரிந்து இலேசாயிற்று. லெட்டிசியா மார்க்கெஸ் என்ற பெண்மணியைச் சுமந்துகொண்டு பலூன் மேலெழுந்தது. நீரும் உயிரும் லித்தியத்தைவிட மேலானவை என்னும் அம்மக்களின் செய்தி அதன்மீது எழுதப்பட்டிருந்தது. 2007இல் அவர் பங்கேற்றுத் தொடங்கிய மற்றொரு முயற்சியில், பயன்படுத்தி எறிந்த நெகிழிப் பைகளைப் பொதுமக்களே கூடி ஒட்டி இத்தகைய பலூனைச் செய்தனர்.

பலர் கூடி ஒரு எளிய செயலைச் செய்து உலகிற்கு உண்மை உணர்த்துவது நமக்குப் புதிதன்று. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாடு நகரில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். நீர் அனைவர்க்கும் பொது என்பதை அச்செயலே பறைசாற்றியது. 1987இல் அகில இந்திய மக்கள் அறிவியல் கலைப்பயணம் நாட்டின் பல திசைகளிலிருந்து புறப்பட்டுப் போபாலில் கூடியது. பின்னர் அறிவொளி இயக்கக் காலத்தில் நம் தமிழகத்துத் தெருக்களிலும் பாட்டும் நாடகமும் எழுத்தறிவை எடுத்துச் சென்றன.

இனி அந்தக் கருவிக்கு வருகிறேன். ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணியது தொல்காப்பியம். பறைதல் என்றால் சொல்லுதல். வைக்கோல் நெருப்பில் காய்ச்சினால் தோலின் ஈரம் வற்றி இறுகி ஓசை தெளிகிறது. ஈரக்காற்றில் தோல் தளர்ந்து ஓசை மங்குகிறது. காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி நம் முன்னோர் கையிலேயே இருந்தது.

ஆயினும் நம் பெரியோர் பலர் அதனைக் கீழே வைத்தனர். இறப்பு வீட்டில் அடித்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இருந்தபோது, அடிக்கமாட்டோம் என்றது வீரம். அதனை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த மறுப்பை நானே பிழையாகப் பயன்படுத்தியதும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், பள்ளி ஆண்டுவிழாவில் தன் தந்தையின் பறையை இசைக்க ஒரு மாணவன் அனுமதி கேட்டான். "படிக்க வந்த இடத்தில் அது வேண்டாம்" என்று நான் மறுத்தேன். அவன் மறுமொழி கூறாமல் திரும்பிச் சென்றான். அவனை இழிவினின்று காப்பதாக அன்று எண்ணினேன். அவன் தந்தையின் அறிவைத்தான் இழிவென்று சொல்லிவிட்டேன் என்பது பின்னரே விளங்கியது.

கட்டாயத்தின்பேரில் அடிப்பது வேறு. நாமே பொருள் தேர்ந்து, நாமே களம் தேர்ந்து இசைப்பது வேறு. பிறர் ஏவலுக்கு இனி ஒருபோதும் இல்லை என்ற உறுதியில் நாம் தளரவேண்டியதில்லை.

எனவே இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் கோடை விடுமுறையில் கழகத்தின் மாலை வகுப்பு மாணவரும் மாணவியரும் காரைக்கும் சாத்தனூருக்கும் சென்று பாருங்கள்; கற்களை எடுத்து வராதீர்கள், குறிப்புகளை எடுத்து வாருங்கள். மழை வந்த மாதங்களையும், கிணறு வற்றிய ஆண்டுகளையும் மூத்தோரிடம் கேட்டு எழுதுங்கள். பறை அறிந்த பெரியவர்களை ஆசிரியராக அமர்த்தி, உரிய மதிப்பூதியம் கொடுங்கள். பின்பு கடலின் வரவையும், சிப்பி கல்லானதையும், கல் புகையானதையும் நம் தெருவிலேயே ஆடிக்காட்டுங்கள். கேட்பவர் ஐயம் எழுப்பினால் விடைசொல்லும் அளவுக்குப் பாடத்தையும் படித்துவிட்டு ஆடுங்கள்.

அந்நிகழ்ச்சி நடைபெறும் நாளில், நான் முன்பு மறுத்தனுப்பிய அந்த மாணவனைத் தேடிக் கண்டு அழைத்துவந்து முதல் வரிசையில் அமர்த்துவது என் பொறுப்பு.