நோய் போகும் வழியும் நாம் போகும் வழியும்

(மும்பையில் சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொள்ளைநோய்க்குத் தனியாகக் கால் கிடையாது. மனிதன் போகும் வழியில்தான் அதுவும் போகும். கப்பல் ஏறினால் கப்பலில் வரும். ரயில் ஏறினால் ரயிலில் வரும். பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த நாம்தான் அந்த வழிகளில் அதிகம் போய் வருகிறவர்கள். ஆகவே நோயின் பாதையை அறிவது மருத்துவர் வேலை மட்டுமல்ல, நம் வேலையும்தான். நாம் வாழும் இந்த நகரமே அதற்கு மூன்று பாடங்களை வைத்திருக்கிறது.

முதல் பாடம் 1896. அந்த ஆண்டு செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் பிளேக் இருப்பதை டாக்டர் அக்காசியோ வீகாஸ் கண்டறிந்தார். 1897 பிப்ரவரியில் வெள்ளை அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வீடு வீடாகச் சோதனை. நோயாளியைப் பிரித்துக் கொண்டுபோவது. வீட்டுச் சாமான்களை எரிப்பது. விளைவு என்ன? எட்டு லட்சம் பேர் வாழ்ந்த பம்பாயில் ஏறத்தாழப் பாதிப் பேர், நோய்க்கும் அஞ்சி, சோதனைக்கும் அஞ்சி, ஊரைக் காலி செய்தார்கள். நோயும் கூடவே போயிற்று. இருந்தவர்கள் நோயாளியை ஒளித்து வைத்தார்கள். புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டார். அதே புனேயில் சாவித்திரிபாய் புலே நோயாளிகளுக்குத் தொண்டு செய்து, அந்த நோயாலேயே அதே ஆண்டு மார்ச்சில் உயிர்விட்டார்.  எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைப் பரப்புகிறது என்று பால் லூயி சிமோன் கராச்சியில் கண்டு சொன்னது 1898இல். அதுவரை மனிதனைத்தான் துரத்தினார்கள்.

இரண்டாம் பாடம் 1918. உலகப் போரின் இறுதியில் விஷக்காய்ச்சல் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கியது. ஜூனில் முதலில் படுத்தவர்களில் துறைமுகத்தில் காவல் பார்த்த சிப்பாய்கள் இருந்தார்கள். அங்கிருந்து ரயில் பாதைகள் வழியே நாடெங்கும் போயிற்று. செப்டம்பரில் இரண்டாம் அலை. அக்டோபர் 6 ஒரே நாளில் பம்பாயில் 768 பேர் மாண்டார்கள். சாவிலும் சாதி இருந்தது, தோழர்களே! அன்றைய கணக்குப்படி இந்த நகரில் வெள்ளையரில் ஆயிரத்துக்கு 8.3 பேர் செத்தார்கள். தாழ்த்தப்பட்ட மக்களில் ஆயிரத்துக்கு 61.6 பேர். கிருமி ஆள் பார்த்துத் தாக்கவில்லை. காற்று இல்லாத அறை, அரை வயிறு, மருத்துவர் எட்டிப் பார்க்காத சேரி, இவைதான் கிருமிக்கு வழிகாட்டின. நாடு முழுதும் ஒரு கோடிக்கு மேல் மாண்டார்கள். 1921 கணக்கெடுப்பு, மக்கள் தொகை 1911ஐவிடக் குறைந்திருப்பதைக் காட்டியது.

மூன்றாம் பாடத்தை நாமே அனுபவித்தோம். 2020 மார்ச் 25இல் ஊரடங்கு. கூலி நின்றது, ரயில் நின்றது. தொழிலாளர் சிறப்பு ரயில் மே 1இல்தான் ஓடத் தொடங்கியது. அதற்குள் எத்தனையோ பேர் நெடுஞ்சாலையில் நடந்துவிட்டார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர் ஊர் திரும்பியதாக அரசே சொன்னது. வழியில் செத்தவர் எத்தனை பேர் என்று செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, கணக்கு இல்லை என்றது. திரும்பியவனை எண்ணத் தெரிந்த அரசுக்குச் செத்தவனை எண்ணத் தெரியவில்லை!

அதே காலத்தில் தாராவியைப் பாருங்கள். இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். முதல் நோயாளி ஏப்ரல் 1இல். மாநகராட்சி ஊழியரும் பகுதி மருத்துவர்களும் வீடு வீடாகப் போனார்கள். காய்ச்சல் முகாம் நடந்தது. பள்ளிகளில் படுக்கை போட்டுச் சோறும் கொடுத்தார்கள். ஜூலை 7இல் புதிதாகக் கண்டறியப்பட்டவர் ஒரே ஒருவர்.

பெருமையோடு நிறுத்திவிட வேண்டாம். அதே ஜூலையில் மாட்டுங்கா, செம்பூர், தகிசர் வட்டாரங்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்கு நோய் வந்து போயிருந்தது. மற்றப் பகுதிகளில் 16 பேருக்கு. அதாவது, பட்டியலில் ஏறாமலே நம் சந்துகளில் நோய் நடந்து போயிருக்கிறது. 1918இல் தெரிந்த அதே ஏற்றத்தாழ்வு நூறு ஆண்டு கழித்தும் மாறவில்லை.

மூன்றும் சொல்வது ஒன்றுதான். தடியோடு வந்தால் மக்கள் ஒளிவார்கள்; ஒளிந்தால் நோயின் சுவடு அழியும். சோற்றோடும் மருந்தோடும் வந்தால் மக்கள் தாமே வந்து பெயர் சொல்வார்கள். சோதனைக்குப் போனால் நாளைய கூலி போய்விடும் என்று அஞ்சுகிறவன் எப்படிப் போவான்? தனிமைப்படுத்தும் நாளுக்குக் கூலி கொடு, குடும்பத்துக்கு அரிசி கொடு, இறந்தவனின் சொந்த ஊரையும் சேர்த்துக் கணக்கில் எழுது. இவை கருணை மனு அல்ல. நோயைப் பின்தொடரும் வழியே இதுதான்.

அரசைக் கேட்பதோடு நம் கடமை தீராது. ஒவ்வொரு கிளையும் ஒரு பதிவேடு வைப்போம்: பெயர், சந்து, வேலை, சொந்த ஊர், ஊரிலுள்ள உறவினரின் தொலைபேசி எண். இது உதவிக்கான ஏடு. காவல் நிலையத்துக்குப் போகும் ஏடு அல்ல என்று எல்லாருக்கும் சொல்லி எழுதுவோம். அடுத்த நோய் எந்தக் கப்பலில் வருமோ, எந்த விமானத்தில் வருமோ, வரும்போது நம்மில் ஒருவரும் கணக்கில் இல்லாதவராக இருக்கக் கூடாது.