மலைக்கு முதலில் தண்ணீர்

(லூமுட்டில் நடைபெற்ற நன்கொடையாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குன்றின் மேல் நமக்குக் கிடைத்திருக்கும் நிலத்தில் தியான மண்டபமும் அன்னதானக் கூடமும் எழுப்பவேண்டும் என்று எல்லோரும் ஆவலாக இருக்கிறீர்கள். வரைபடத்தைப் பார்த்தேன், மிக அழகாக இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கோடுகூட இல்லை. தலைவர் அவர்கள் என்னைப் பேச அழைத்ததே அதற்காகத்தான். முப்பது ஆண்டுகள் தண்ணீர்க் குழாய் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். ரப்பர் தோட்டத்து லயத்தில், ஒரு பைப்படியில் வரிசையாக வாளி வைத்துக் காத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன். தண்ணீரைப் பற்றி நான் கொஞ்சம் கறாராகப் பேசினால் பொறுத்தருள வேண்டும்.

கட்டி முடித்த பிறகு தண்ணீரைத் தேடிய ஒரு மண்டபத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். திறப்பு விழாவுக்கு லோரியில் தண்ணீர் வந்தது. அடுத்த விழாவுக்கும் லோரிதான். ஒவ்வொரு நடைக்கும் பணம் கொடுத்து நிர்வாகம் சலித்துப்போயிற்று. இரண்டே ஆண்டுகளில் கழிவறைகளைப் பூட்டினார்கள். வயதான தாய்மார்கள் மலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கட்டடம் இன்னும் நிற்கிறது. ஆட்கள்தாம் இல்லை.

நம் நிலத்தின் கணக்கைப் பார்ப்போம். அடிவாரச் சாலையில் குழாய் ஓடுகிறது. நாம் கட்டப்போகும் இடம் அதற்கு மேல் சுமார் 60 மீட்டர் உயரம். தண்ணீர் பத்து மீட்டர் ஏற ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் வேண்டும். அப்படியானால் மேலே கொண்டுபோக மட்டும் 6 பார், குழாயின் உராய்வுக்கு இன்னும் கொஞ்சம். சாலைக் குழாயில் அத்தனை அழுத்தத்தை எதிர்பார்க்க முடியாது. அந்தக் குழாயிலேயே நேரடியாகப் பம்பு வைத்து உறிஞ்சவும் அனுமதி இல்லை. அப்படிச் செய்தால் பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் நின்றுவிடும். ஆகவே அடிவாரத்தில் ஒரு தொட்டி கட்டி, மீட்டர் வழியாக அதை நிரப்பி, அங்கிருந்து பம்பு செய்து மேலே ஒரு தொட்டிக்கு ஏற்ற வேண்டும். பேராக் நீர் வாரியத்துக்கு மனுச் செய்யும் வேலையும், அடிவாரத் தொட்டிக்கான இடமும், பம்புக்கு மின்சாரமும் மண்டபத்துக்கு முன்னால் வரவேண்டியவை.

இளைஞர்கள் கை தூக்குவது தெரிகிறது. ‘மேலே ஓடை இருக்கிறதே, மணல் மூட்டை அடுக்கி, கறுப்புப் பாலி பைப்பு போட்டால் தண்ணீர் தானாக இறங்குமே’ என்கிறார்கள். நல்ல யோசனைதான். அந்த ஓடை எவ்வளவு கொடுக்கும் என்று யாராவது அளந்தீர்களா? அளப்பது சுலபம். ஓடை முழுவதையும் ஒரு குழாய்த் துண்டுக்குள் திருப்பி, 20 லிட்டர் டின்னைப் பிடித்து, கடிகாரத்தைப் பாருங்கள். 40 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு அரை லிட்டர், ஒரு நாளைக்கு 43,200 லிட்டர். கேட்க மிக நிறைவாக இருக்கிறது. ஆனால் அந்த அளவை நவம்பர் மாத மழையில் எடுத்தால் அது நம்மை ஏமாற்றிவிடும். மஞ்சோங் பகுதி மழை குறைந்த பகுதி. தைப்பிங்கில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் பெய்கிறதென்றால், சித்தியவான் பக்கம் அதில் பாதிகூட இல்லை, சுமார் 1,800தான். இங்கே ஜூன், ஜூலை மாதங்கள் வறண்டவை. அப்போது அந்த டின் எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறதோ, அதுதான் நம்முடைய தண்ணீர்.

இரண்டாவது, அந்த ஓடை யாருடையது? நிலம் நம் பெயரில் இருப்பதால் அதில் ஓடும் நீரும் நமக்குச் சொந்தம் என்று பலர் எண்ணுகிறார்கள். பேராக்கிலும் செல்லும் 1920ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி ஆறுகள் மாநில ஆட்சியாளருக்கு உரியவை. நீரைத் திருப்ப உரிமம் வேண்டும். ஓடையின் தலைப்பகுதி வனக் காப்பகத்தில் இருந்தால் வனத்துறையின் சம்மதமும் வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அதே ஓடை கீழே கம்பத்து டுரியான் தோப்புக்குள் போகிறது. நாம் மேலே அடைத்துவிட்டு, அந்தப் பெரியவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது? முதலில் போய் அவர்களோடு உட்கார்ந்து பேசவேண்டும். உபரி நீர் எப்போதும் கீழே போகும்படிதான் தடுப்பை அமைக்க வேண்டும்.

குடிப்பதற்கு அந்த நீரை அப்படியே கொடுக்கக்கூடாது. தெளிவாக இருக்கிறது என்பது போதாது. எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் நம் நாட்டு ஓடைகளில் உண்டு. சமைக்கவும் குடிக்கவும் குழாய்த் தண்ணீர், கழுவவும் தோட்டத்துக்கும் கழிவறைக்கும் ஓடை நீரும் மழை நீரும் என்று பிரித்துக்கொள்வோம். மழை நீரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் கூரைக்கு ஆண்டில் 3,60,000 லிட்டர் விழும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் நாள் ஒன்றுக்குச் சராசரியாக 790 லிட்டர் நிற்கும். விழா நாளுக்குப் போதாது, சாதாரண நாளுக்குத் தாராளம்.

ஈப்போ குகைக் கோயில்களைப் பார்த்தவர்கள், ‘அங்கே மலையில் இந்தத் தொல்லை இல்லையே’ என்று கேட்கலாம். அவை சுண்ணாம்புக்கல் மலைகள். மழை மேலே தங்காமல் வெடிப்புகளில் இறங்கிவிடும். கோயில்களும் அடிவாரத்தில், நகரக் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கின்றன. நம் நிலைக்குத் திருமலைதான் பொருத்தம். கோகர்ப்பம், ஆகாச கங்கை, பாபவிநாசம், குமாரதாரை, பசுபுதாரை என்று மலைமேலேயே ஐந்து அணைகளை வைத்துக்கொண்டுதான் அத்தனை இலட்சம் பேருக்கு அங்கே அன்னமிடுகிறார்கள். பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலின் கதை இதற்கு நேர்மாறு. அது முதலில் நீர்வீழ்ச்சிக்கு அருகிலேயே இருந்தது. அந்த நீர் ஜார்ஜ் டவுன் நகரத்துக்குத் தேவைப்பட்டு நீர்த்தேக்கம் வந்தபோது, கோயில் இடம் மாறி, 1915இல் குன்றின்மேல் அமைந்தது. 2012இல் இன்னும் மேலே புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. பெயரில் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஊருக்குத் தண்ணீரை விட்டுக்கொடுத்த கோயில் அது.

தண்ணீர் வருவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். போவதைப் பற்றிப் பேசுவதுதான் எனக்கு முக்கியம். 1993 டிசம்பர் 11, உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். பின்னால் இருந்த மலைச்சரிவில் ஓடையைக் குழாய்க்குள் திருப்பியிருந்தார்கள். வடிகால்கள் பராமரிப்பின்றிக் கிடந்தன. தொடர்மழையில் மண் ஊறி, தடுப்புச்சுவர் போய், கட்டடமும் போயிற்று. மேலே நாம் வைக்கப்போகும் தொட்டி பத்தாயிரம் லிட்டர் என்றால் பத்து டன் எடை. அது வழிந்து நாள் கணக்கில் சரிவில் ஊறினால் என்ன ஆகும்? தொட்டியின் வழிநீருக்கும், கூரை நீருக்கும், கழிவுநீர்த் தொட்டிக்கும் சிமெண்டு வாய்க்கால் வெட்டி அடிவாரம்வரை கொண்டுபோக வேண்டும். மண் பொறியாளர் ஒருவரின் கையெழுத்து இல்லாமல் ஒரு மரத்தையும் வெட்டக்கூடாது. மலைநிலத்தைத் துப்புரவு செய்யவே 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டியிருக்கும் என்பதையும் நிர்வாகம் மறக்கவேண்டாம்.

கட்டுமானத்துக்கே தண்ணீர் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 50 கிலோ சிமெண்டு மூட்டைக்குச் சுமார் 25 லிட்டர். காங்கிரீட் போட்டபின் குறைந்தது ஏழு நாள் நனைத்துவைக்க வேண்டும். நாம் கடலோர ஊர்க்காரர்கள். குத்தகைக்காரர் அவசரத்தில் கழிமுகத்துப் பக்கமிருந்து உப்புநீரை லோரியில் கொண்டுவந்தால், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட்டை வெடிக்கவைக்கும். பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அது வெளியே தெரியும். ஆகவே தொட்டியும் பம்பும் முதல் செங்கல்லுக்கு முன்னால் ஓடவேண்டும்.

இப்போது பணம். நம்மவர்கள் கலசத்துக்குக் கேட்டால் கொடுக்கிறார்கள், கதவுக்குக் கொடுக்கிறார்கள், மணிக்குக் கொடுக்கிறார்கள். பம்புக்கு என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியிலும் பெயர் எழுத இடம் இருக்கிறது ஐயா, பெரிய எழுத்தில்கூட எழுதலாம்! சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஊர்ச் சபைக்குள் ‘ஏரி வாரியம்’ என்று தனியாக ஒரு குழுவைச் சொல்லியிருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் ஏரியைப் பார்க்கவே ஒரு வாரியம். நம் நிர்வாகத்திலும் தண்ணீருக்கென்று மூவர் கொண்ட குழு ஒன்றை இன்றே அமைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதில் ஒருவர் தாய்மார்களில் இருந்து வரவேண்டும். மடைப்பள்ளியில் எத்தனை குடம் செலவாகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

குழுவுக்கு முதல் வேலையும் சொல்லிவிடுகிறேன். வரும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை, ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் ஓடையில் டின் பிடித்து, விநாடியை ஒரு நோட்டில் எழுதுங்கள். இளைஞர் பகுதியிலிருந்து இருவர் போதும். வழுக்கும் இடம், நல்ல காலணி போட்டு வாருங்கள். டின்னும் கடிகாரமும் நான் கொண்டுவருகிறேன்.